நடப்பதற்கு ஒரு சாமி வேண்டும்

எங்கள் தெருவில் ஓர் ஆண் விடியற்காலையில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கையை வீசி நடந்தால் அவர் வாக்கிங் போகிறார் என்று பேர். அதே நேரத்தில் ஒரு பெண் அதே வேகத்தில் நடந்தால், எதிரே வருகிறவர் நின்று, "யாருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்பார். கடலூரில் பெண் வேகமாக நடந்தால் யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என்னையே எத்தனையோ முறை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் நான் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஓடுவதும் ஓட வைப்பதும்தான் என் பிழைப்பு.

இந்தத் தொல்லைக்கு எங்கள் தெருப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கிளம்பும்போது கையில் ஒரு பையை எடுத்துக்கொள்வார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு அதே காலிப் பையோடு வீடு திரும்புவார்கள். பை இருந்தால் கடைக்குப் போகிற பெண், பை இல்லாவிட்டால் ஊர் சுற்றுகிற பெண். எதிர்வீட்டு அம்மாவிடம், இந்தப் பை எதற்கு என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். "கையில ஒண்ணுமில்லாம நடந்தா ஒரு மாரியா இருக்கு டீச்சர்" என்றார். அந்த 'ஒரு மாரி'யை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளியிலும் இதே கதைதான். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வந்து நிற்பார். "போர்ஷன் முடியல டீச்சர், இந்த ஒரு பீரியட மட்டும் குடுங்க" என்பார். கணக்குப் பீரியடை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பார்கள். எங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே இந்த ஒரு பாடத்தைப் படித்துவிடுகிறார்கள். மற்ற எல்லா வேலையும் முடிந்து நேரம் மிச்சமிருந்தால், யாராவது அனுமதி கொடுத்தால், அப்போது கொஞ்சம் ஓடலாம். பிறகு அவர்களுக்கு நாற்பது வயதாகும்போது டாக்டர் நடக்கச் சொல்கிறார். கால் எப்படி எழும்பும்?

நான் சிதம்பரத்தில் படித்தபோது விளையாட்டு உளவியல் என்று ஒரு தாள் இருந்தது. பெரிய பெரிய வார்த்தைகளாக எழுதி மார்க் வாங்கினேன். சுருக்கிச் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். ஒருவர் தனக்குப் பிடித்துப்போய்ச் செய்கிற பயிற்சி நிற்காது. அடுத்தவருக்காகவோ, வேறு எதையோ வாங்குவதற்காகவோ செய்கிற பயிற்சி, அந்தக் காரணம் தீர்ந்ததும் நின்றுவிடும். பரீட்சை முடிந்ததும் நானும் இதை மறந்துவிட்டேன். என் அக்காவின் காலைப் பார்த்தபோதுதான் அந்தத் தாள் முழுவதும் திரும்ப ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு வீடு சிதம்பரத்தில், தெற்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மாமா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறான். அக்காவுக்குச் சுகர் வந்தது. மாத்திரையை ஏற்றிக்கொண்டே போயும் கட்டுக்குள் வரவில்லை. நான்தான் டாக்டரிடம் கூடப் போனேன். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். "மாத்திரை பாதி வேலதான் பண்ணும். மீதிய உங்க காலுதான் பண்ணணும். தெனம் முக்கா மணி நேரம் நடங்க. ஆனா செருப்பில்லாம மட்டும் ஒரு அடி வைக்காதீங்க. வூட்டுக்குள்ளகூட."

அக்கா மறுநாளே நடந்தாள். திரும்பி வந்தபோது மாமா காலிக் காபி டம்ளரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லாமலே ஒரு வீட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற மௌனம் ஒன்று உண்டு, அது மாமாவுக்குக் கைவந்த கலை. அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரர் மாமாவிடம் வந்து, "வூட்ல எதுனா பிரச்சனையா சார்? அம்மா காலங்காத்தால கோவமா போன மாரி இருந்துச்சு" என்று விசாரித்திருக்கிறார். மகன் தன் பங்குக்கு, சேலையில் வாக்கிங் போனால் சிரிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறான். ஒரு வாரத்துக்குள் அக்கா நடப்பதை நிறுத்திவிட்டாள்.

நான் போனில் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவுங்க சொன்னதுக்காக இல்லடி. எனக்கே வெக்கமா இருக்கு. இந்த வயசுல எனக்குன்னு ஒரு மணி நேரம் எடுத்துக்குறது என்னமோ திருடுற மாரி இருக்கு."

யாருடைய நேரத்தை யார் திருடுவது? அந்த வீட்டில் இத்தனை வருஷமாக அவளுடைய நேரத்தை எல்லோரும் அள்ளி அள்ளித் தின்றார்களே, அவர்களில் ஒருவருக்காவது திருடுகிற மாதிரி இருந்ததா? மாமாவும்தான் தினமும் வாக்கிங் போகிறார். மகன் வாங்கிக் கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு, நண்பர்களோடு மேல வீதிவரை போய், டீ குடித்து, அரசியல் பேசி, வெயில் ஏறியபிறகு வருவார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்கும் கேட்பார்கள் என்று தோன்றியதில்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா சிரித்துக்கொண்டே போன் பண்ணினாள். நடக்க ஆரம்பித்துவிட்டாளாம், வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். எப்படி என்று கேட்டேன். மகனுக்கு வயது முப்பதைத் தாண்டியும் வரன் அமையாமல் இருந்தது. ஒருநாள் இட்லி பரிமாறும்போது, "பையனுக்குக் கல்யாணம் கூடுற வரைக்கும் தெனம் கோயிலச் சுத்தி நாலு வீதியும் வர்றதா வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டிருக்கிறாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில், கல்யாணமான நாளிலிருந்து அடுப்பைப் பற்றவைத்தறியாத மாமா, தானே காபி போட்டுக் குடித்திருக்கிறார். "நீ போய்ட்டு வா, சாமி காரியம்" என்று வாசல்வரை வந்து அனுப்பினாராம்.

அதே பெண், அதே தெரு, அதே வேகம். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்த பக்கத்து வீட்டுக்காரர் இப்போது கும்பிடு போட்டார். கீழ வீதியில் பூக்காரம்மா தலைக்கு ஒரு முழம் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். வேண்டுதல் என்ற ஒரு வார்த்தையை முன்னால் போட்டதும் ஊரே வழிவிட்டது. எனக்குச் சாமி மேல் ஒரு கோபமும் இல்லை. நானும் கும்பிடுகிறவள்தான். ஒரு பெண்ணுடைய சுகருக்கு மதிப்புக் கொடுக்காமல், அவள் மகனுடைய கல்யாணத்துக்கு மட்டும் மதிப்புக் கொடுத்த மனிதர்கள் மேல்தான் கோபம்.

அந்த வாரமே சிதம்பரம் போனேன். காலையில் அவளோடு நடக்கலாம் என்று நான் ஷூ போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவள் வெறுங்காலோடு நிற்கிறாள்.

"செருப்பு எங்கக்கா?"

"வேண்டுதலுக்கு யாருடி செருப்பு போடுவா?"

"டாக்டர் என்னா சொன்னாங்க? சுகர் காலு. ஒரு முள்ளு குத்துனாகூடத் தெரியாது."

"தெரியும் தெரியும். ஆனா செருப்பு போட்டுக்கிட்டுச் சுத்துனா எவ நம்புவா? டாக்டரா தெனம் இந்தத் தெருவுல நிக்கப்போறாங்க?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். காலைக் காப்பாற்றுவதற்காக நடக்கிறாள், நடப்பதற்காகக் காலைப் பணயம் வைக்கிறாள். சாக்கடைத் தண்ணீர், உடைந்த பாட்டில், மாட்டுச் சாணம் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு அவள் முன்னால் போனாள். ஷூ போட்ட என்னைத்தான் தெருப் பெண்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் அவள் முகமே மாறிவிட்டது. சுகர் இறங்கியது. டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் குறைத்தார். எந்நேரமும் ஏதோ ஒரு வேலையை மறந்துவிட்ட மாதிரி ஒரு தவிப்பு அவளிடம் இருக்கும், அது போய்விட்டது. என்னக்கா சங்கதி என்று கேட்டேன். "வடக்கு வீதி திரும்பும்போது காத்து நல்லா வரும். அந்த நேரத்துல யாரும் எங்கிட்ட உப்பு எங்க, சாவி எங்கன்னு கேக்க மாட்டாங்க. நாம்பாட்டுக்கு இருப்பேன்" என்றாள். பரீட்சையில் பக்கம் பக்கமாக நான் எழுதியதை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். அவளுக்கு நடப்பது பிடித்துப்போயிருந்தது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதை அந்த வீட்டில் ஒரு காரணமாகச் சொல்ல முடியாது.

கல்யாணம் கூடிவந்தது. மருமகள் நல்ல பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். கல்யாணக் களேபரம் எல்லாம் அடங்கியபிறகு ஒருநாள் அக்கா வழக்கம்போல விடியற்காலையில் எழுந்து, முகம் கழுவி, கிளம்பியிருக்கிறாள். மாமா கட்டிலில் படுத்தபடியே, "கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் எங்க?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அக்கா திரும்பி அடுப்படிக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டாள். காரணம் தீர்ந்தது, நடை நின்றது. புத்தகத்தில் இருந்ததுபோலவே.

அடுத்த பரிசோதனையில் சுகர் எகிறிவிட்டது. டாக்டரம்மா திட்டினார். அக்கா மறுபடியும் நடக்கத் தொடங்கினாள், இந்த முறை இன்னும் சாமர்த்தியமாக. "புதுசா ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன், என்னான்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டேன். இனிமே இது முடியவே முடியாது பாரு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. சொல்லாத வேண்டுதலை ஊர் என்ன செய்யும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அப்புறம் ஒருநாள் மருமகள் எனக்குப் போன் பண்ணினாள். "சின்னத்த, நீங்க ஒடனே வாங்க. அத்தைக்குக் காலு வீங்கியிருக்கு." சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் வலது காலில் பெருவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சில்லு ஏறி, அவளுக்கு உறைக்காமலே பல நாள் இருந்து, சீழ் கட்டியிருந்தது. அதோடும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்குக் காலையில்தான் டாக்டரம்மா கீறிவிட்டு எடுத்திருந்தார். "இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா வெரல எடுக்க வேண்டியிருந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மருமகள் கீழே உட்கார்ந்து கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா நாற்காலியில் இருந்தார். "சீக்கிரம் ஆறிடணும். வேண்டுதல பாதியில வுடக் கூடாது. பேரப்புள்ள விஷயம்" என்றார். சொல்லாத வேண்டுதலுக்கு ஊரே ஒரு பேர் வைத்திருந்தது.

மருமகளின் கை அப்படியே நின்றது. "அத்த, நெசமாவே அதுக்குத்தான் சுத்துறீங்களா?" என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அத்த. கல்யாணமாகி ஒரு வருஷங்கூட ஆவல. நான் கறிவேப்பிலை வாங்கப் போனாகூட என் வயித்தத்தான் பாக்குறாங்க. 'ஒங்க அத்த ஒனக்காக வெறுங்கால்ல நடக்குறாங்க, நீ என்னா பண்ணப்போற'ன்னு பூக்காரம்மா கேக்குறாங்க. நேத்து யாரோ ஒரு அம்மா திருவந்திபுரம் பிரசாதம்னு குடுத்துட்டு, டாக்டரப் பாத்தியான்னு கேட்டாங்க. நாங்க ரெண்டு வருஷம் போவட்டும்னு பேசி வச்சிருக்கோம். இப்ப ஒங்க காலு இப்படி ஆனதுக்கும் நாந்தான் காரணம்னு சொல்லுவாங்க."

அக்கா அழுதுவிட்டாள். "ஐயோ, அது இல்லம்மா. எனக்குச் சுகரு. நடக்கணும். சும்மா நடந்தா வுட மாட்டாங்க. அதுக்காகத்தான் அவுங்க நெனச்சத இல்லன்னு சொல்லாம வுட்டுட்டேன்."

மருமகள் அக்காவின் காலிலிருந்து கையை எடுத்தாள். பிறகு குரலை உயர்த்தாமலே கேட்டாள்: "அப்ப ஒங்க சுகருக்கு என் வயித்தயா அத்த காரணம் காட்டுனீங்க?"

அந்தக் கேள்வியை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஒரு பெண்ணுக்கு முக்கால் மணி நேரம் கொடுக்க மனசில்லாத வீடு, அதை இன்னொரு பெண்ணின் அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ள வைத்திருக்கிறது. இதில் அக்காவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்தவும் எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. மாமாதான் முதலில் பேசினார்.

"அப்ப வேண்டுதலே இல்லியா? சாமி பேரச் சொல்லியா பொய் சொன்ன? வேண்டுதல் இல்லாம தெனம் எதுக்கு அந்த நட?"

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "மாமா, நீங்க தெனம் எந்த வேண்டுதலுக்கு நடக்குறீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு பி.பி. இருக்கும்மா."

"ஒங்க பி.பி.க்கு ஷூ. அக்கா சுகருக்குப் புள்ளையோட கல்யாணம், அப்புறம் பேரன். ஒங்க ஒடம்பு மட்டும் தனியா நிக்கும், அவ ஒடம்புக்கு மட்டும் ரெண்டு பேரு ஜாமீன் போடணுமா?"

மாமா செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். அதில் ஒரு வரிகூட அவர் படித்திருக்க மாட்டார். நான் இன்னும் ஏதேதோ பேசினேன், ஜாஸ்தியாகத்தான் பேசினேன். மருமகள் எழுந்து உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்துகொண்டாள். அன்று முழுவதும் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டுந்தான் இருந்தது.

புண் ஆற நாளாயிற்று. அதுவரை அக்கா வெளியே போகவில்லை. இனி நடக்கவே மாட்டாளோ என்ற பயம் எனக்கு இருந்தது. பொய்யும் போய்விட்டது, உண்மையைச் சொல்லி நடக்கிற பழக்கமும் இல்லை. நான் போன் பண்ணும்போதெல்லாம், பார்க்கலாம், பார்க்கலாம் என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டு, "நாளைக்கு ராத்திரி வந்து தங்கு, ஞாயித்துக்கெழம ஒரு வேல இருக்கு" என்றாள். என்ன வேலை என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் அவள் கூடத்தில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். மருமகளோடு போய் வாங்கினாளாம். சாக்ஸை எப்படி இழுத்துவிடுவது என்று தெரியாமல் குதிகால் மேலே வந்திருந்தது. மருமகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து அதைச் சரி பண்ணிவிட்டுப் போனாள். அவர்கள் இருவரும் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாக்ஸைச் சரி பண்ணிவிட்டாள். மாமா விழித்துத்தான் இருந்தார். "ஷூ போட்டுக்கிட்டா நாலு வீதியும்?" என்றார். அக்கா, "பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

சந்திலிருந்து தெற்கு வீதிக்கு வந்தோம். நாலு வீதியும் சுற்றுகிறவர்கள் கோயிலைத் தங்கள் வலது கைப்பக்கமாக வைத்துத்தான் சுற்றுவார்கள். அக்கா வீட்டுச் சந்து முனையிலிருந்து அதற்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அக்கா வலப்பக்கம் திரும்பினாள். பழக்கம் விட்டுப்போய் மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டு நடந்தாள்.

அந்த நேரத்தில் நடக்கிறவர்கள் எல்லோரும் எங்களுக்கு எதிரே வந்தார்கள். இத்தனை நாள் அவள் முதுகைப் பார்த்தவர்கள் இப்போது முகத்தைப் பார்த்தார்கள். பிறகு காலைப் பார்த்தார்கள். சிலர் ஒதுங்கினார்கள். கைகூப்பப் போன பக்கத்து வீட்டுக்காரர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். அக்காவின் காதோரம் வேர்த்திருந்தது. பயத்தில் வேர்த்ததா நடந்ததில் வேர்த்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

கீழ வீதியில் பூக்காரம்மா கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தார்.

"யம்மா, மாத்திச் சுத்துறீங்களே. சாமிக்கு அந்தப் பக்கமா இல்ல போவணும்."

அக்கா நின்றாள். மூச்சு வாங்கியது.

"சாமிக்குன்னா அந்தப் பக்கந்தான். இது எனக்கு" என்றாள்.